எல் பாலோமாரில் ஏழாம் மேஜை

எங்கள் கட்டிடத்தில் லிஃப்டில் ஏறுகிறவர்கள் யாரும் நெரெய்தாவிடம் மாடி எண் சொல்வதில்லை. பதினேழு மாடி, மாடிக்கு நான்கு வீடு, வீட்டுக்கு ஐந்தாறு பேர். அத்தனை முகமும் அவளுக்கு மனப்பாடம். ஆள் உள்ளே காலை வைத்ததும் இரும்புக் கதவை இழுத்துச் சாத்துவாள், கைப்பிடியைத் திருப்புவாள், சரியான மாடியில் நிறுத்துவாள். ஐந்தாம் மாடிக் கிழவர் ஒருநாள் மறதியாக, "அஞ்சும்மா" என்று சொல்லிவிட்டார். "ஏன், நேத்து ராத்திரி வீடு மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவரும் சொல்வதில்லை.

நெரெய்தா கபோத்தே பதினெட்டு வயதில் சாங்க்தி ஸ்பிரிதுஸ் ஊர்ப் பக்கத்திலிருந்து ஹவானாவுக்கு வந்தவள். முதலில் ஒரு துணிக்கடையில் வேலை. பிறகு வேதாதோ பகுதியில் இருக்கும் எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் வேலை கிடைத்தது. சுவரோடு மாட்டிய ஒரு மடக்கு நாற்காலி, தலைக்கு மேலே உள்ளங்கை அளவு மின்விசிறி, மடியில் பாதி பின்னிய நூல் வேலை. அவள் உலகம் அவ்வளவுதான் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். யார் யாரோடு சண்டை, யாருக்கு ஊரிலிருந்து பன்றிக்கால் வந்திருக்கிறது, யார் வீட்டில் அழுகை எல்லாம் அந்த நாலடிப் பெட்டிக்குள் ஏறித்தான் ஆகவேண்டும்.

அவளுக்கு ஒரே ஒரு சிநேகிதி. பதினோராம் மாடி ஒனேலியா. வீட்டிலேயே பெண்களுக்கு நகம் திருத்தி வண்ணம் பூசுகிறவள். வேலை இல்லாத மத்தியானங்களில் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுவாள். மேலேயும் கீழேயுமாக இரண்டு பேரும் ஒன்பது வருடம் பேசியிருக்கிறார்கள்.

லிசாந்த்ரோ லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நாற்பது வயது, அடர்ந்த மீசை, முழங்கை வரை கிரீஸ். தொண்ணூற்றொன்றில் மின்வெட்டு ஆரம்பித்த பிறகு அவன் எங்கள் கட்டிடத்திலேயே பாதி நாள் குடியிருந்தான் என்று சொல்லலாம். அப்படி ஒரு மின்வெட்டில் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே நெரெய்தா மாட்டிக்கொண்டாள். அவன் பத்தாம் மாடிக் கதவை நெம்பித் திறந்து, குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான்.

"நெரெய்தா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"மொதல்ல என்னை வெளிய தூக்குய்யா. அப்புறம் கேளு."

"தூக்கிட்டா நீ ஓடிருவ. நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவள் இருட்டுக்குள் நின்றுகொண்டு சிரித்தாள். "வெயில் தலைக்கு ஏறிடுச்சா?"

"அட, பீருக்குத்தான். என் தம்பிக்கு அடுத்த மாசம் பொறந்த நாள். ஊருல ஒரு சொட்டு பீர் கெடையாது. கல்யாணச் சீட்டு இருந்தா ரெண்டு பெட்டி கெடைக்கும்."

அந்த வருடம் பாதி ஹவானா இப்படித்தான் கல்யாணம் செய்துகொண்டது. பதிவு செய்த தம்பதிக்கு அரசாங்க விலையில் இரண்டு பெட்டி பீர், ஒரு கேக், ஹோட்டலில் மூன்று இரவு, நல்ல உணவகத்தில் இருவருக்கு ஒரு சாப்பாடு. கடைகளில் எதுவும் இல்லாத நாளில் அது சின்ன விஷயமா? பதினான்காம் மாடி அண்ணன் ஒருவர் தன் முன்னாள் மனைவியையே மறுபடியும் கட்டினார், கேக்குக்காக. கேக் தீர்ந்ததும் மறுபடியும் பிரிந்தார்கள். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

இரண்டு பேரும் பேசிப் பிரித்துக்கொண்டார்கள். பீர் அவன் தம்பிக்கு. ஹோட்டல் அவன் அக்காவுக்கு. கேக் ஆளுக்குப் பாதி. சாப்பாடு மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து. அது நெரெய்தா கேட்டது. வெள்ளை விரிப்பு போட்ட மேஜையில் உட்கார்ந்து, ஒருவர் வந்து "என்ன வேணும்" என்று கேட்க, அவள் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை.

கல்யாண மாளிகையில் அதிகாரி சட்டத்தைப் படித்தார். கையெழுத்து. "இனி முத்தம் கொடுக்கலாம்" என்றார். லிசாந்த்ரோ கொடுத்தான். விளையாட்டுக்கு என்று அவள் கன்னத்தைக் காட்டினாள். அவன் உதட்டில் கொடுத்தான். வெளியே வந்து படி இறங்கும் வரை அவள் கையை விடவில்லை. படியில் கூட்டமாக இருந்தது, விழுந்துவிடக் கூடாதென்று பிடித்திருப்பான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் லிஃப்டில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை தோறும் அவன் வந்தான். லிஃப்ட் ஒழுங்காக ஓடினாலும் வந்தான். அவள் தலைக்கு மேலே இருந்த விசிறி கடகடவென்று சத்தம் போடும். அதைக் கழற்றிச் சரிசெய்தான். ஒருமுறை சட்டைக்குள் ஒளித்து ஒரு பெரிய நாரத்தம்பழம் கொண்டுவந்தான். இரண்டு பேரும் சுளை சுளையாகப் பிய்த்து, பதினேழு மாடி ஏறி இறங்கிச் சாப்பிட்டார்கள். ஒனேலியாவும் முக்காலியில் இருந்தாள். அவளுக்கும் நாலு சுளை.

"ஏண்டி, இது நெசமாவே கல்யாணமா, என்ன?" என்று அவன் போன பிறகு ஒனேலியா கேட்டாள்.

நெரெய்தாவுக்கு அப்போது முப்பத்திநான்கு வயது. அந்த வயதில் ஆசை இருக்கிறதென்று சொல்ல அவளுக்குக் கூச்சம். "போடி. வெறும் காயிதம்" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேணும்னா நீயே வச்சுக்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒனேலியாவும் சிரித்தாள்.

எல் பாலோமார் உணவகத்தில் இடம் கிடைக்க நாலரை மாதம் ஆயிற்று. கடைசியில் ஒரு சனிக்கிழமை, மாலை ஆறு மணி, ஏழாம் மேஜை என்று சீட்டு வந்தது. கல்யாணச் சான்றும் சீட்டும் லிசாந்த்ரோவிடமே இருந்தன. வரிசையில் நிற்கிற வேலை எல்லாம் அவன்தான் பார்த்தான். அந்த வியாழக்கிழமை அவன் வழக்கம்போல மொட்டைமாடி இயந்திர அறைக்குப் போகாமல் லிஃப்டுக்குள் நின்றான். காலி லிஃப்ட்.

"சனிக்கெழம அந்த மேஜையில உக்காந்து உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இங்கேயே சொல்லு."

"இங்க சொல்ற விஷயம் இல்ல நெரெய்தா. சாப்பிட்டுக்கிட்டே சொல்லணும்."

அவள் அன்றைக்குப் பன்னிரண்டாம் மாடி ஆளைப் பதின்மூன்றில் இறக்கிவிட்டாள். அவள் வேலைக்கு வந்த பிறகு அதுதான் முதல் தடவை.

போட்டுக்கொள்ள நல்ல செருப்பு இல்லை. ஒனேலியாவிடம் திராட்சை நிறத்தில் குதி உயர்ந்த ஒரு ஜோடி இருந்தது. அவளே கொண்டுவந்து கொடுத்தாள். தோல் வெளிறிப்போயிருந்தது. வெள்ளி இரவு நெரெய்தா ரேஷன் எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து, பழைய காலுறையால் அந்தத் தோலை ஒரு மணி நேரம் தேய்த்தாள். அந்த மாதம் மிச்சமிருந்த எண்ணெயே மூன்று கரண்டிதான். விடிந்ததும் செருப்பு ஈரக் கத்தரிக்காய் மாதிரி மினுங்கியது.

சனி காலை எட்டு மணிக்கு லிசாந்த்ரோ வந்தான். வெளியிலேயே நின்றான்.

"எல்லாம் கெட்டுது. உணவகத்துல கொசு மருந்து அடிக்கிறாங்களாம். இன்னைக்குப் பூரா மூடல்."

"ஐயோ. அப்ப எப்ப?"

"சொல்லி அனுப்புவாங்க. நீ கவலப்படாத." அவள் முகத்தைப் பார்க்காமல் லிஃப்ட் கதவின் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் எப்போதும் தண்டவாளத்தைப் பார்க்கிறவன்தான். தொழில் அப்படி.

மத்தியானம் ஒனேலியா இறங்கி வந்தாள். "கண்ணு, அந்தச் செருப்ப குடுக்கிறியா? என் தங்கச்சி புள்ளைக்கு இன்னைக்கு ஞானஸ்நானம். மறந்தே போயிட்டேன்."

"எடுத்துக்கடி. எனக்கு இன்னைக்கு அது வேணாம். சாப்பாடு தள்ளிப் போயிருச்சு."

"அடப் பாவமே" என்றாள் ஒனேலியா. செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னமா பளபளன்னு ஆக்கியிருக்க!"

இதெல்லாம் சேர்த்துப் பார்க்க நெரெய்தாவுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு வேறு கவலை. கல்யாணச் சலுகை ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும். இன்னும் ஐந்தரை வாரம்தான் இருந்தது. சொல்லி அனுப்புவார்கள் என்று உட்கார்ந்திருந்தால் நடக்குமா? நேரில் போய் வேறு தேதி வாங்கிவிட்டால் லிசாந்த்ரோவுக்கும் ஒரு அலைச்சல் குறையும். ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. வேலைக்குப் போடுகிற அதே நீலச் சட்டை, அதே பிளாஸ்டிக் செருப்பு. பஸ் வரவில்லை. இருபத்திரண்டு தெரு நடந்தாள்.

எல் பாலோமார் வாசலில் வரிசை நின்றது. சீட்டு இல்லாதவர்கள், யாராவது வராமல் போனால் அந்த இடம் கிடைக்குமா என்று காத்திருக்கிற வரிசை.

"யாரு கடைசி?" என்று கேட்டாள் நெரெய்தா.

"நான்தான்" என்று கையைத் தூக்கினாள் அட்டை விசிறியோடு நின்ற ஒரு பருத்த அம்மாள். "எனக்கு முன்னாடி அந்த சைக்கிள்காரரு."

"மருந்தடிப்பு முடிஞ்சுதா அக்கா?"

"என்ன மருந்து?"

"கொசு மருந்து. இன்னைக்குப் பூரா மூடல்னு சொன்னாங்களே."

சைக்கிள்காரர் திரும்பினார். "காலையில பதினோரு மணிலருந்து நிக்கிறேன். பூண்டு வாசம்தான் அடிக்குது, மருந்து வாசம் அடிக்கல. யாரோ உங்களுக்கு நல்லா மருந்தடிச்சிருக்காங்க தோழர்."

ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் பூண்டு வதங்குகிற மணம் தெரு வரை வந்தது. நெரெய்தாவுக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை. மருந்தடிப்பு ரத்தாகியிருக்கும், பாவம் லிசாந்த்ரோவுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தாள். உள்ளே சுவர்க் கடிகாரம் ஆறே கால் காட்டியது. ஓடிப்போய்ப் பக்கத்து மருந்துக்கடையிலிருந்து அவன் தெருவில் போன் இருக்கிற வீட்டுக்கு ஒரு போன் போட்டால், அவன் சைக்கிளில் வந்தால், ஏழு மணிக்குள் வந்துவிடலாம். அதுவரை மேஜையை விட்டுக்கொடுக்காமல் இருக்கச் சொல்லவேண்டும். வரிசையைத் தாண்டிக் கதவுக்குப் போனாள்.

"ஏய், வரிசை இருக்குல்ல!" என்றாள் விசிறி அம்மாள்.

"எனக்கு மேஜை இருக்கு அக்கா. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திர்றேன்."

கதவில் நின்றவர் பெயர் ஃபுந்தோரா. நரைத்த தலை, பல தடவை இஸ்திரி போட்டு மினுங்கும் கறுப்புக் கோட்டு.

"தோழர், ஏழாம் மேஜை எங்களோடது. என் புருஷன் கொஞ்சம் தாமதமா வருவாரு. பேரு நெரெய்தா கபோத்தே." புருஷன் என்ற சொல்லை அவள் முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னாள்.

அவர் பட்டியலில் விரலை ஓட்டினார். "ஏழாம் மேஜை. கபோத்தே. அவங்க ஆறு மணிக்கே வந்து உக்காந்தாச்சே."

"யாரு?"

"நெரெய்தா கபோத்தேயும் அவங்க வீட்டுக்காரரும்."

"நான்தான் நெரெய்தா கபோத்தே."

ஃபுந்தோரா அவள் பிளாஸ்டிக் செருப்பைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அவள் கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"கல்யாணப் பத்திரத்தக் காட்டினாங்க, உள்ள விட்டேன்" என்றார் மெதுவாக. "கல்யாணப் பொண்ணுகிட்ட அடையாள அட்டை கேக்கிற வழக்கம் இல்ல தோழர்."

வரிசைக்கு எல்லாம் கேட்டுவிட்டது. எங்கள் ஊர் வரிசைக்குக் காது நீளம்.

"ஒரு மாப்பிள்ளைக்கு ரெண்டு பொண்ணா? எனக்கு ஒண்ணுகூட அமையல!" என்றது ஒரு குரல்.

"போலீசைக் கூப்பிடுங்க!"

"முதல்ல அந்தப் பன்றிக்கறிய முடிக்கட்டும்பா" என்றார் சைக்கிள்காரர். "வீணாக்கக் கூடாது."

விசிறி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "வாய மூடுங்கடா. அந்தப் புள்ள மூஞ்சியப் பாருங்க" என்றாள்.

"போலீஸ் வேணாம்" என்றாள் நெரெய்தா. "என்னை அந்த மேஜைக்குக் கூட்டிட்டுப் போங்க. அது போதும்."

ஏழாம் மேஜை ஜன்னல் ஓரம். முதலில் அவள் கண்ணில் பட்டது முகம் இல்லை. வெள்ளை விரிப்புக்குக் கீழே, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட கால்கள். திராட்சை நிறச் செருப்பு. விளக்கு வெளிச்சம் அதில் விழுந்து வழுக்கியது. தான் ஒரு மணி நேரம் தேய்த்த பளபளப்பு அது என்று அவளுக்கு உடனே தெரிந்தது.

லிசாந்த்ரோவின் மீசையில் பீர் நுரை. தட்டில் பன்றித் தொடைக்கறி பாதி தின்றபடி, கறுப்புப் பீன்ஸ் குளமாக, மரவள்ளிக்கிழங்கு ஒரு துண்டு மிச்சம்.

"நெரெய்தா..." என்றான். "மருந்தடிப்பு... சீக்கிரமே..."

"முடிஞ்சிருச்சா?"

ஒனேலியாதான் பேசினாள். பயத்தில் அவள் குரல் உயர்ந்தது. "என்னடி இப்ப? ஒரு சாப்பாடுதானே. நீதானே சொன்ன, வெறும் காயிதம்னு. வேணும்னா நீயே வச்சுக்கன்னு சொன்னது யாரு? நானா?"

அது உண்மை. திட்டியிருந்தால் நெரெய்தாவும் திருப்பித் திட்டியிருப்பாள். அவள் சொன்ன சொல்லையே எடுத்து அவள்மேல் போட்டால் என்ன செய்ய முடியும்? ஒன்பது வருடம் அந்த முக்காலியில் உட்கார்ந்து தன் முகத்தைப் பார்த்தவளுக்கு, எந்தச் சொல் மனதிலிருந்து வருகிறது, எது கூச்சத்தில் வருகிறது என்று தெரியாதா? தெரியும். தெரிந்துதான் எடுத்துக்கொண்டாள்.

பக்கத்து மேஜைகளில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. ஃபுந்தோரா தொண்டையைச் செருமினார். "விதிப்படி, பத்திரத்துல பேரு உள்ளவங்க ரெண்டு பேருக்குத்தான் மேஜை. பேரில்லாதவங்க..."

"எந்திரி ஒனேலியா" என்றாள் நெரெய்தா.

ஒனேலியா லிசாந்த்ரோவைப் பார்த்தாள். அவன் உப்புக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்தாள். செருப்புக் குதி தரையில் டக் டக்கென்று கதவு வரை கேட்டது. வெளியே வரிசை ஓவென்று கத்தியதும் கேட்டது.

நெரெய்தா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சூடாக இருந்தது.

"ஏதோ சொல்லணும்னியே. இந்த மேஜையில உக்காந்து."

"இப்ப எதுக்கு..."

"நாலரை மாசம் காத்திருந்திருக்கேன். சொல்லு."

அவன் மீசையைத் துடைத்தான். "விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடணும்னு கேக்க நெனச்சேன். நானும் ஒனேலியாவும்... மார்கழியிலருந்தே. அவளுக்கு இப்ப மூணு மாசம். உங்கிட்ட நல்லபடியா, சாப்பிட்டுக்கிட்டே சொல்லலாம்னுதான் இருந்தேன். சத்தியமா. அப்புறம் உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. அவளும், நான் ஒரு தடவையாவது அந்த மாதிரி எடத்துல சாப்பிட வேணாமான்னு..."

மார்கழி. நாரத்தம்பழம் தின்றது தை மாதத்தில். அந்த வியாழக்கிழமைகள் எல்லாம் பதினோராம் மாடிக்கானவை. விசிறியைச் சரிசெய்தது மேலே போகிற வழியில்.

பரிமாறுகிறவர் வந்தார். சாப்பாட்டின் கடைசிப் பங்கு: கொய்யாப் பழப்பாகு, அதன்மேல் ஒரு துண்டு வெள்ளைச் சீஸ். இரண்டு தட்டு. ஃபுந்தோராவின் கண் ஜாடையில் அவர் இரண்டையும் நெரெய்தாவின் முன்னால் வைத்தார்.

அவள் சாப்பிட்டாள். எழுந்து போயிருக்கலாம், தட்டை அவன் தலையில் கவிழ்த்திருக்கலாம். பின்னாளில் எங்கள் கட்டிடத்துப் பெண்கள் இரண்டையும் அவளுக்கு யோசனையாகச் சொன்னார்கள். ஆனால் அவள் வாழ்நாளில் ஆசையாகக் கேட்டது அந்த ஒரு மேஜையைத்தான். கரண்டியால் சின்னச் சின்னதாக வெட்டி, முதல் தட்டை முடித்தாள். இரண்டாவதையும் முடித்தாள். இனிப்பு தெரிந்தது, உப்பு தெரிந்தது. லிசாந்த்ரோ முழு நேரமும் அவள் எதிரில், எழுந்து போகவும் துணிவில்லாமல், உட்கார்ந்திருந்தான்.

"செவ்வாக்கெழம நோட்டரி ஆபீசுக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். "வெறும் காயிதம்தானே."

வெளியே விசிறி அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், "சாப்பாடு எப்படிம்மா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு அக்கா" என்றாள் நெரெய்தா. அப்போதுதான் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒனேலியா பதினோரு மாடியும் படியில் ஏறி இறங்கினாள். திங்கட்கிழமை ரேஷன் அரிசி வாங்கும் நாள். பை கனம், வயிற்றில் பிள்ளை. வேறு வழியில்லாமல் லிஃப்டுக்குள் வந்தாள். உள்ளே ஏற்கெனவே ஐந்தாம் மாடிக் கிழவர் நின்றிருந்தார்.

நெரெய்தா கதவைச் சாத்தினாள். கைப்பிடியில் கையை வைத்தாள். திருப்பவில்லை.

"எந்த மாடி தோழர்?"

ஒனேலியா லேசாகச் சிரித்தாள். "வெளயாடாதடி."

நெரெய்தா சுவரைப் பார்த்தபடி காத்திருந்தாள். கிழவர் ஒருத்தியைப் பார்த்தார், மற்றவளைப் பார்த்தார், பிறகு தன் தொப்பியைப் பார்த்தார். ஒனேலியா அரிசிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"பதினொண்ணு" என்றாள்.

அதற்குப் பிறகு லிசாந்த்ரோ பதினோராம் மாடிக்கே குடிவந்தான். பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பழைய லிஃப்டை நெரெய்தா இன்னும் பதினான்கு வருடம் ஓட்டினாள். கடைசி வரை அந்த இருவரிடமும் மாடி எண் கேட்டுவிட்டுத்தான் கைப்பிடியைத் திருப்பினாள். குரலில் கோபம் இருக்காது, கிண்டல் இருக்காது. முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பது போலக் கேட்பாள். அந்தப் பெண் குழந்தையிடம் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. தனியாக வந்தால் நேராகப் பதினொன்றுக்குக் கொண்டுபோய் விடுவாள். அம்மாவும் மகளும் சேர்ந்து ஏறினால், மகளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அம்மாவிடம் மட்டும் கேட்பாள்.